கேட்கும் பாவை



தமிழில் பாவை என்னுஞ் சொல்லுக்குப் பொருள்கள் சில உண்டு. மண்ணாலும் மரத்தாலும் செய்து குழந்தையின் கையிற் கொடுப்பதும் பாவை. கண்ணின் கருமணிக்குள் தோன்றும் சிற்றுருவும் பாவை. விளையாட்டுப் பொருளுக்கும் கண்ணின் உறுப்பிற்கும் ஒரே பெயர் வழங்கிய முன்னோர், விளையாட்டுப் பாவையே ஒருநாள் வீட்டுக்குள் நடப்பதை உற்றுக் கேட்கத் தொடங்கும் என்று எண்ணியிருக்கமாட்டார். இன்றைய பேச்சு அத்தகைய பாவை ஒன்றைப் பற்றியது. அதனை வாங்கிக் கொடுத்த பெற்றோரைப் பற்றியும், ஓர் அரசு அதனை உடைத்தெறியச் சொன்னது பற்றியுமாகும்.

பாவை பேசுவது புதிதன்று. அமெரிக்காவில் எடிசன் என்பார் 1890-ஆம் ஆண்டிலேயே பேசும் பாவையைக் கடைக்குக் கொண்டுவந்தார். அதன் தகர உடலுக்குள் சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருந்தது. முதுகிலிருந்த பிடியைச் சுழற்றினால், முன்னரே ஒரு பெண் பாடிப் பதிந்துவைத்த குழந்தைப் பாட்டொன்று கீச்சுக் குரலில் வெளிவரும். கருவி விரைவிற் பழுதுபட்டமையாலும் குரல் தெளிவின்றி இருந்தமையாலும் சில கிழமைகளிலேயே அவ்வாணிகம் கடை கட்டிற்று. அப்பாவை பேசிற்று, ஆனால் கேட்கவில்லை. ஆகையால் அதனை அஞ்சவேண்டிய தேவை எவர்க்கும் இருந்ததில்லை.

2014-ஆம் ஆண்டளவில் மேலைநாட்டுக் கடைகளுக்கு வந்த கேலா என்னும் பாவையோ வேறு வகையினது. பொன்னிறக் கூந்தலும் புன்சிரிப்புமாக, பார்வைக்கு மற்றப் பாவைகளைப் போன்றதே. அதன் உடலுக்குள் ஒலிவாங்கி ஒன்றும் ஒலிபெருக்கி ஒன்றும் இருந்தன. புளூடூத்து எனப்படும் குறுந்தொலைவு அலைத்தொடர்பால் அது வீட்டிலுள்ள கைப்பேசியோடு இணையும். குழந்தை ஒன்றைக் கேட்டால், அக்குரல் கைப்பேசிச் செயலியின் வழியாக இணையத்தில் ஏறி, எங்கோ தொலைநாட்டிலுள்ள கணிப்பொறிக்குச் சென்று எழுத்தாக மாறி, அதற்குரிய விடை தேடப்பெற்று மீண்டு வந்து பாவையின் குரலில் ஒலிக்கும். யானைக்கு எத்தனை கால் என்று குழந்தை கேட்கிறது. நொடிப் பொழுதில் பாவை விடை சொல்கிறது. பெற்றோர்க்கு இதனினும் மகிழ்ச்சி வேறென்ன வேண்டும்? அறிவு புகட்டும் விளையாட்டு என்றுதான் வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

2016 திசம்பரில் நார்வே நாட்டு நுகர்வோர் மன்றம் இப்பாவையைப் பிரித்து ஆராய்ந்து, கண்டவற்றை வெளியிட்டது. பாவையோடு இணைவதற்குக் கடவுச்சொல் என்று ஒன்று இல்லவே இல்லை. பாவை இயக்கத்தில் இருந்து, உரிய கைப்பேசி இணையாதிருக்கும் வேளையில், ஏறத்தாழப் பத்து மீட்டர் எல்லைக்குள் நிற்கும் எவரும் தம் கைப்பேசியை அதனோடு இணைத்துக்கொள்ளலாம். சுவருக்கு அப்பால் நின்றே இணையலாம். இணைந்தவர் அறையில் நடக்கும் பேச்சைக் கேட்கலாம். பாவையின் வாய்வழியாகக் குழந்தையோடு பேசவும் செய்யலாம். தெருவில் நிற்கும் ஏதிலான் ஒருவன் பாவையின் வாயால் ஐந்தகவைக் குழந்தையிடம் கதவைத் திறந்துவிடு என்று சொல்லக்கூடும் என்றால், அப்பொருளை விளையாட்டுப் பொருள் என்று எவ்வாறு சொல்வது?

அம்மட்டோடு நின்றதா எனின் இல்லை. அதே திங்களில் அமெரிக்க நுகர்வோர் அமைப்புகள் தம் அரசின் வாணிக ஆணையத்திடம் ஒரு முறையீடு அளித்தன. குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், பள்ளியின் பெயர், வாழும் ஊர், விரும்பும் உணவு, விரும்பும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆகியவற்றையெல்லாம் பதிந்துவைக்குமாறு செயலி தூண்டுகிறது என்று அம்முறையீடு காட்டிற்று. கமுக்கமான செய்தி ஒன்றைச் சொல்லலாமா என்று பாவையைக் கேட்டால், சொல், எவரிடமும் சொல்லமாட்டேன், இஃது உனக்கும் எனக்கும் இடைப்பட்டது என்ற கருத்தில் அது விடையளித்தது. சொன்ன செய்தியோ கடல் கடந்து குழும்பு ஒன்றின் கணிப்பொறிக்குப் போய்க்கொண்டிருந்தது! மேலும், குறிப்பிட்ட ஒரு படக் குழும்பின் திரைப்படங்களைப் புகழும் பேச்சுகள் பாவைக்குள் முன்கூட்டியே இடப்பெற்றிருந்தன. அது விளம்பரம் என்பதை அறியக் குழந்தைக்கு வழியே இல்லை.

நார்வே நாட்டார் கண்டு சொன்னார்கள். செருமானியரோ சட்டத்தை எடுத்தார்கள். சார்லாந்து பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர் ஒருவர், செருமனியின் அன்றைய தொலைத்தொடர்புச் சட்டத்து 90-ஆம் பிரிவின்படி இப்பாவை தடை செய்யப்பட்ட பொருளே என்று ஒரு கருத்துரை எழுதினார். அன்றாடப் பொருள்போல் தோற்றங்காட்டி, உள்ளே ஒலிவாங்கியும் அலைபரப்பியும் கொண்டு, பிறர் அறியாமல் ஒட்டுக்கேட்பதற்கு ஏற்றதாயிருக்கும் கருவியைச் செய்வதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் அப்பிரிவின்படி குற்றம்; அவ்வளவேயன்றி, வைத்திருப்பதும் குற்றம். ஒற்றர்கள் எழுதுகோலுக்குள்ளும் விளக்குக்குள்ளும் ஒளித்துவைக்கும் கருவிகளை எண்ணி இயற்றிய சட்டம் அது. குழந்தையின் தொட்டிலுக்குள் அதற்கு வேலை வரும் என்று சட்டம் செய்தவர்கள் கருதியிரார்.

மின்னாற்றல், வளி, தொலைத்தொடர்பு, அஞ்சல், தொடர்வண்டி ஆகிய துறைகளை மேற்பார்க்கும் செருமானியக் கூட்டரசின் வலையமைப்பு முகமை, 2017 பிப்பிரவரி 17-ஆம் நாள் தன் முடிவை அறிவித்தது. கேலாப் பாவை ஒட்டுக்கேட்கும் கருவியே, இனி விற்கலாகாது, வாங்கியவர்கள் அதனைச் செயலற்றதாக்க வேண்டும். பெற்றோர்மேல் வழக்குத் தொடுப்பது நோக்கமன்று என்றும் முகமை சொல்லிற்று. எனினும் பாவை அழிக்கப்பட்டது என்பதற்குச் சான்றுப் படிவம் ஒன்றும் ஆயத்தமாகவே இருந்தது. குழந்தை மார்போடணைத்து உறங்கும் பாவைக்கு அழிப்புச் சான்று! அயலார்க்கு இது நகைப்பாகத் தோன்றலாம். செருமானியர் பலர்க்கு அவ்வாறு தோன்றவில்லை. அதற்கொரு வரலாறு உண்டு.

கிழக்குச் செருமனி என்றொரு நாடு 1990 வரையில் இருந்தது. ஒரு கோடியே அறுபது இலக்கம் மக்களைக் கொண்ட அந்நாட்டின் உளவமைச்சில் 1989-இல் முழுநேர வேலையாட்கள் மட்டும் 91,000 பேர் அளவில் இருந்தனர். அவர்களன்றி, அண்டை வீட்டாரைப் பற்றியும் உடன் வேலை செய்வாரைப் பற்றியும், ஒரோவிடத்துத் தம் மனைவி கணவரைப் பற்றியுங்கூட எழுதிக் கொடுத்தவர் தொகை இலக்கத்திற்கும் மேல். அவர்கள் விட்டுச்சென்ற கோப்புகளை நிரையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளும். 1990 சனவரி 15-ஆம் நாள் பெர்லின் மக்கள் அவ்வமைச்சின் தலைமையகத்துக்குள் புகுந்தனர். பின்னர்த் தத்தம் கோப்பைத் திறந்து படித்தவர்களிற் பலர், தம் வீட்டுக்குள் பேசிய பேச்சே அங்கு எழுதப்பட்டிருக்கக் கண்டனர். அத்தகைய மண்ணில் ஒலிவாங்கி பொருத்திய பாவை எத்தகைய நினைவைக் கிளப்பியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

மேற்குச் செருமனியிலும் இவ்வுணர்வு வேரூன்றியே இருந்தது. உலகின் முதல் தரவுக் காப்புச் சட்டத்தை இயற்றியது அந்நாட்டின் எசென் மாநிலமே, ஆண்டு 1970. 1983-இல் அரசு எடுக்கவிருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பலர் எதிர்த்தெழுந்தனர். அவ்வாண்டு திசம்பர் 15-ஆம் நாள் அரசியற்சட்ட முறைமன்றம் அளித்த தீர்ப்பில், தன்னைப் பற்றிய செய்தியை எவர் எதற்காகப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்யும் உரிமை அவ்வவர்க்கே உண்டு என நிலைநாட்டிற்று. அதற்கு மன்றம் காட்டிய கரணியமே இங்குக் கருதத்தக்கது. தன்னைப் பற்றி யார் எதை எழுதிவைக்கிறார் என்று அறியாதவன் தன் நடையை மாற்றிக்கொள்கிறான். கூட்டத்துக்குப் போக அஞ்சுகிறான். கருத்துச் சொல்லத் தயங்குகிறான். அடித்துத் தடுக்கவேண்டியதில்லை, பார்த்துக்கொண்டிருந்தாற் போதும். வளர்ந்த ஆண்மகனுக்கே இது பொருந்துமானால், ஏழகவைச் சிறுவனுக்கு எத்துணைப் பொருந்தும்?

கேலா ஒன்றே இத்தகையது என்று எவரும் எண்ணிவிட வேண்டா. 2015 நவம்பரில் ஆங்காங்கைச் சேர்ந்த விளையாட்டுக் கருவிக் குழும்பு ஒன்றின் தரவுகள் திருடப்பட்டபோது, அறுபது இலக்கத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் குறிப்புகள் வெளியாயின. 2017-இல், குரலைப் பதிந்து அனுப்பும் பஞ்சுக் கரடிகளின் வழியாகத் தாயும் குழந்தையும் பேசிக்கொண்ட இருபது இலக்கம் பதிவுகள் காப்பின்றி இணையத்திற் கிடந்தமை தெரியவந்தது. வீட்டின் நடுவில் வைத்து ஆணையிடும் பேசுகருவியை விற்கும் பெருங்குழும்பு ஒன்று, குழந்தைகளின் குரற்பதிவுகளைப் பெற்றோர் அழிக்கச் சொல்லியும் முறையாக அழிக்கவில்லை என்று அமெரிக்க வாணிக ஆணையம் குற்றஞ்சாட்ட, 2023-இல் இரண்டரைக் கோடி தாலர் தண்டம் செலுத்த இசைந்தது. அத்தகைய குழும்புக்கு அது கைச்செலவுக் காசு.

இதுகாறும் சொன்னவை வாணிகர் செய்த குற்றங்கள். வாணிகரைத் திட்டுவது எளிது. அவையோர் கைதட்டுவதும் எளிது. இனிச் சொல்லவிருப்பது சற்றுக் கசக்கும்.

அதே செருமானிய முகமை 2017 நவம்பரில் இன்னொரு தடை விதித்தது. ஐந்து முதல் பன்னிரண்டு அகவை வரையிலான குழந்தைகளுக்கென விற்கப்பட்ட கைக்கடிகை அது. அதற்குள் தொலைபேசி அட்டை ஒன்றுண்டு. தாயோ தந்தையோ தம் கைப்பேசியிலிருந்து ஆணையிட்டால், அக்கடிகை தானே அழைப்பை ஏற்படுத்தித் தன்னைச் சுற்றி நடக்கும் பேச்சையெல்லாம் அவர்க்குக் கேட்கச் செய்யும். கட்டியிருக்கும் குழந்தைக்கும் அது தெரியாது. எதிரில் நிற்பவர்க்கும் தெரியாது. பெற்றோர் அதனைக்கொண்டு வகுப்பறையில் ஆசிரியர் பாடம் நடத்துவதையே ஒட்டுக்கேட்டனர் என்று முகமை தன் ஆய்விற் கண்டு வெளியிட்டது. பள்ளிகள் இக்கடிகைகள்மேல் கண் வைக்கவேண்டும் என்றும் அறிவுறுத்திற்று.

இங்கே ஒட்டுக்கேட்டவன் தெருவில் நின்ற ஏதிலான் அல்லன். தொலைநாட்டுக் குழும்பும் அன்று. பெற்ற தாய்; பெற்ற தந்தை. கேட்டதற்குக் கரணியமும் பகையன்று, அன்பே. ஆகவேதான் இது கடினமான வழக்கு.

பெற்றோர் பக்கத்து வழக்கையும் கேட்டுவிடவேண்டும். இருவரும் வேலைக்குச் செல்லும் வீடு. குழந்தை காலையில் போனால் மாலையில் வருகிறது. இடையில் ஊர்தி ஓட்டுநர், காப்பகத்து ஆயா, வகுப்பாசிரியர் என்று பத்துப் பேர் கையில் மாறுகிறது. நாளிதழைத் திறந்தால் நெஞ்சு நடுங்கும் செய்திகள். கூட்டுக் குடும்பத்திலே பாட்டியின் கண் இருந்தது; அக்கண் இல்லாத வீட்டில் கருவியின் கண்ணை வைத்தால் என்ன பிழை என்று ஒரு தாய் கேட்பாளாயின், அவளை நகையாடுவது அறமாகாது. குழந்தை எங்கே இருக்கிறது என்று அறிவதற்கும் குழந்தை என்ன பேசுகிறது என்று கேட்பதற்கும் வேறுபாடு உண்டு என்று மட்டும் அவளுக்குச் சொல்லலாம். செருமானியச் சட்டமும் அக்கோட்டையே போட்டது. இடத்தைக் காட்டும் கடிகைக்கு அத்தடை இல்லை. பிறர் அறியாமற் பேச்சைக் கேட்கும் கடிகைக்கே தடை.

பாட்டியின் கண்ணும் கருவியின் கண்ணும் ஒன்றல்ல. பாட்டி கண்ணயர்வாள்; மறப்பாள்; கண்டதையும் காணாததுபோல் விட்டுவிடுவாள். மாங்காய் திருடித் தின்ற பேரனை அவள் அன்றே மன்னித்தாள். கருவியோ ஆண்டையும் நாளையும் மணித்துளியையும் குறித்து வைத்திருக்கிறது. குழந்தைக்குத் தோழனிடம் சண்டையிடவும், ஆசிரியர்போல் நடித்துக் காட்டவும், தவறாக ஒன்றைச் சொல்லிப் பின் தானே நாணவும், யாரும் கேளாத இடம் வேண்டும். பாவையோடு பேசும் பேச்சு அத்தகைய இடங்களில் ஒன்று. அமெரிக்காவில் 2015-இல் வெளிவந்த, பேச்சைக் கேட்டு விடைசொல்லும் பார்பிப் பாவையிலோ, குழந்தை அதனிடம் பேசியதைப் பெற்றோர் பின்னர் இணையத்திற் கேட்கவும், விரும்பினால் பிறர்க்கு அனுப்பவும் ஏற்பாடு இருந்தது. இதனை வசதி என்றே விற்றனர். குழந்தையின் தனிப்பேச்சைச் சுற்றத்தார்க்கு அனுப்பி மகிழலாம் என்று தோன்றியவுடன் அதை நிறுத்தி, இது யாருடைய பேச்சு என்று ஒருவரேனும் கேட்டிருக்கவேண்டாவா?

செருமனியை விட்டுத் தமிழர் வீட்டு வாயிலுக்கு வருவோம். இங்கே கேலாப் பாவை பரவவில்லை. ஆனால் கைப்பேசி பரவியிருக்கிறது. நிலவைக் காட்டிச் சோறூட்டிய கை இன்று திரையைக் காட்டி ஊட்டுகிறது. ஓரகவைக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டா, இரண்டிலிருந்து நான்ககவை வரை நாளொன்றுக்கு ஒரு மணிநேரத்தை மிகலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் சொன்னதை எத்தனை வீடுகள் பின்பற்றுகின்றன என்பது அவரவர்க்கே தெரியும்.

அதனினும் வியப்பானது வேறொன்று. தமிழ்த் தாய் குழந்தையைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டுக் கன்னத்தில் ஒரு கரும்புள்ளி வைப்பாள், கண்ணேறு படக்கூடாதாம். பகுத்தறிவாளர் அதனைப் பழித்தது பழித்ததே. அந்நம்பிக்கைக்கு அடிப்படை ஏதுமில்லை. ஆனால் பலர் கண் தன் குழந்தைமேல் விழவேண்டா என்ற தாயின் எண்ணத்தில் ஓர் அளவறிவு இருந்தது. அதே தாய் இன்று, அக்கரும்புள்ளியோடே குழந்தையைப் படமெடுத்து, முன்பின் அறியாத ஆயிரங் கண்கள் பார்க்குமாறு முகநூலில் ஏற்றிவிடுகிறாள். கண்ணேற்றில் நம்பிக்கை போனது நன்று. கண்களைப் பற்றிய கருத்தும் உடன் போய்விட்டது.

மற்றொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். பெண்பிள்ளை பூப்பெய்தினால் ஊர் முனையில் ஆளுயரத்துக்கு அவள் படம் போட்டுப் பலகை கட்டுகிறார்கள். தாய்மாமன் பெயரும் கட்சிக் கொடியும் அதிலே. பலகை மூன்று நாளிற் கழன்றுவிடும். அப்படமோ வாட்சப்பிலும் முகநூலிலும் கழலாமற் சுற்றிக்கொண்டிருக்கும். பதின்மூன்றகவைச் சிறுமியின் உடலில் நிகழ்ந்த ஒன்றை ஊரறியச் செய்யுமுன் அவளிடம் யார் கேட்டார்? மறுநாள் வகுப்பில் உடன்படிக்கும் பையன்கள் முன் எப்படிப் போய் அமர்வாள் என்று எண்ணியவர் உண்டா? அகத்திணையிற் பாடப்படுவோரின் இயற்பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்று விதிவகுத்த தொல்காப்பியத்தைத் தந்த இனம் இது. அது செய்யுளுக்குச் சொன்ன இலக்கணந்தான். ஆயினும் காதலையும் பிரிவையும் உலகறியப் பாடலாம், இன்னாருடையது என்று மட்டும் காட்டலாகாது என்னும் அந்நுட்பம் எங்கே? ஊர் முனையில் நிற்கும் அப்பலகை எங்கே?

படக்கருவியால் வந்த இச்சிக்கல் இன்று தோன்றியதன்று. 1888-இல் கோடாக்குக் கைப்படக்கருவி விற்பனைக்கு வந்து, எவரும் எவரையும் படமெடுக்கலாம் என்றான இரண்டே ஆண்டில், 1890 திசம்பரில், வாரன், பிராண்டைசு என்னும் அமெரிக்கச் சட்டவறிஞர் இருவர், தனித்திருக்க விடப்படும் உரிமையைச் சட்டம் காக்கவேண்டும் என்று ஆர்வர்டு சட்ட இதழில் எழுதினர். எடிசனின் பாவை கடைக்கு வந்த அதே ஆண்டு!

இந்தியாவில் அவ்வுரிமை தெளிவுபட இன்னும் நூற்றிருபத்தேழு ஆண்டுகள் ஆயின. 2017 ஆகத்து 24-ஆம் நாள், உச்ச முறைமன்றத்தின் ஒன்பதின்மர் ஆயம், தனிமறை உரிமை அடிப்படை உரிமையே என்று புட்டசாமி வழக்கில் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் தனியாள் தரவுக் காப்புச் சட்டம் வந்தது. அதன் 9-ஆம் பிரிவு, பதினெட்டகவைக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளுமுன் பெற்றோரின் மெய்ப்பிக்கத்தக்க இசைவைப் பெறவேண்டும் என்கிறது. குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவற்றிற் பெரும்பகுதி பதினெட்டுத் திங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்பது ஏற்பாடு.

நல்ல சட்டமே. ஆனால் அது குழந்தையின் கதவுக்குத் திறவுகோலைப் பெற்றோர் கையிற் கொடுக்கிறது. பெற்றோரே அக்கதவைத் திறந்துபோட்டால்? ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாண்டால் இச்சட்டமே பொருந்தாது என்று 3-ஆம் பிரிவு விலக்களித்துவிட்டது. 1989-இல் உலக நாடுகள் மன்றம் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16-ஆம் உறுப்போ, தனிமறை உரிமை குழந்தைக்கே உரியது என்கிறது. இந்தியா அவ்வுடன்படிக்கையில் 1992-இல் இணைந்தது.

பிரான்சு நாட்டார் இவ்விடத்தில் ஓரடி முன்வைத்திருக்கிறார்கள். 2024 பிப்பிரவரி 19-ஆம் நாளிட்ட சட்டத்தால், குழந்தையின் உருவப்படத்தின்மேல் அதற்குள்ள உரிமையைக் காப்பது பெற்றோர் இருவரின் கடமை என்றும், அகவைக்கும் அறிவு முதிர்ச்சிக்கும் ஏற்பக் குழந்தையையும் அம்முடிவிற் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்றும் வகுத்தனர். பெற்றோர்க்குள் கருத்து வேறுபட்டால், மற்றவர் இசைவின்றிப் படத்தை வெளியிடலாகாது என ஒருவரைத் தடுக்கும் ஆற்றல் நடுவர்க்கு உண்டு. குழந்தையின் மதிப்பைக் கடுமையாகக் குலைக்கும் வகையில் பெற்றோர் படங்களைப் பரப்பினால், அவ்வுரிமையை அவர் கையிலிருந்து எடுத்துப் பிறரிடம் ஒப்படைக்கவும் இயலும். அத்தகைய ஏற்பாடு தமிழகத்து வீடுகளுக்கு இன்னும் வரவில்லை. அது வரும்வரையில், இந்தக் கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும் இங்கு எடுத்த படங்களைப் பகிருமுன், அவற்றில் இருக்கும் பேச்சறிந்த பிள்ளைகளை அழைத்து ஒரு சொல் கேட்டுப் பார்க்கலாம். வேண்டா என்று சொல்லுங் குழந்தைகள் எண்ணியதினும் மிகுதியாக இருப்பார்கள்.